கண்ணில் விழும் பூ

கண்ணையும் பூவையும் இணைத்துப் பேசுவதில் தமிழுக்குச் சலிப்பே இல்லை. குவளை, நெய்தல், தாமரை என்று புலவர்கள் கண்ணுக்கு உவமை சொன்ன மலர்களைப் பட்டியலிட்டாலே ஒரு பாடவேளை முடிந்துவிடும். வர வேண்டியவருக்காக வழிபார்த்துச் சோர்ந்தால் கண் பூத்துப் போகிறது. ஆனால் மதுரைக்குக் கிழக்கே எங்கள் ஊர்ப்பக்கத்தில் ஒருவரைச் சுட்டி, 'அவருக்குக் கண்ணில் பூ விழுந்துவிட்டது' என்று சொன்னால் அதில் அழகு சிறிதும் இல்லை. கருவிழியின் மேல் வெண்ணிறத் தழும்பு ஒன்று நிலைத்துவிட்டது, அக்கண்ணின் பார்வை பெரும்பாலும் போயிற்று என்பதே அதன் பொருள்.

இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் வினைச்சொற்களோடு மல்லுக்கட்டுகிறவள் என்பதாலோ என்னவோ, இத்தொடரில் என்னை உறுத்துவது 'பூ' என்ற சொல்லை விட 'விழுந்துவிட்டது' என்ற வினைதான். பனி விழுகிறது, இடி விழுகிறது, மரத்திலிருந்து இலை விழுகிறது. இவற்றை யாரும் செய்வதில்லை. யாரும் தடுப்பதற்கும் இல்லை. ஒரு நோயை இப்படியொரு வினையால் சுட்டிப் பழகிவிட்ட ஊர், அந்நோய்க்கு ஒரு காரணம் உண்டு, அது முற்றுவதற்கு ஒரு கால அளவு உண்டு, அக்கால அளவுக்குள் விழித்துக்கொண்டால் பெரும்பாலும் தடுத்துவிடலாம் என்பதையும் மறந்துபோகிறது. இக்கட்டுரையில் நான் சொல்ல விழைவது இவ்வளவே. நான் மருத்துவம் கற்றவள் அல்லேன். உறவினருக்கும் மாணவியருக்கும் துணையாகக் கண் மருத்துவமனைகளில் காத்திருந்த நாள்களில் மருத்துவர்கள் பொறுமையாகச் சொல்லித் தந்தவற்றையும், பின்னர் தேடிப் படித்தவற்றையும் கொண்டே எழுதுகிறேன்.

முதலில் என் அத்தையைப் பற்றி.

1989-ஆம் ஆண்டு தை மாத அறுவடை. எனக்கு ஒன்பது வயது. களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்த அத்தையின் வலக்கண்ணில் ஏதோ விழுந்தது. நெல்லின் சுணையா, உமித் துணுக்கா என்று யார் பார்த்தார்கள்? முந்தானையைச் சுருட்டி, வாயால் ஊதிச் சூடேற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். மாலையில் கண் சிவந்து நீர் வடியக் கண்டு நான் கேட்டேன். "ஒண்ணுமில்ல தாயி, தூசி விழுந்து உறுத்துது. ஒரு ராத்திரி தூங்கி எந்திரிச்சாச் சரியாப் போயிரும்" என்றார்.

சரியாகவில்லை. மறுநாள், தூசி எடுப்பதில் பேர்போன மூதாட்டி ஒருவர் நாவின் நுனியால் கண்ணைத் துழாவினார். அதற்கடுத்த நாள் பிள்ளை பெற்ற வீட்டில் தாய்ப்பால் வாங்கி வந்து இரண்டு சொட்டு விட்டார்கள். குளிர்ச்சிக்கென்று நந்தியாவட்டைப் பூவை இமைமேல் வைத்துக் கட்டினார்கள். நான்காம் நாள் டவுனுக்குப் போனவர்கள் மருந்துக் கடை ஒன்றில் 'கண் சிவப்புக்கு' என்று கேட்டுச் சொட்டு மருந்து வாங்கி வந்தார்கள். இரண்டே நாளில் சிவப்பு வடிந்தது. "மருந்து நல்லாக் கேக்குது" என்று வீடே மகிழ்ந்தது. பத்தாம் நாள் கருவிழியில் அரிசிக் குருணை அளவுக்கு ஒரு வெள்ளை. மூன்றாம் வாரம் மதுரைக்கு அழைத்துச் சென்றபோது, கண்ணைக் காப்பாற்றலாம், பார்வையைக் காப்பாற்ற முடியாது என்றார்கள்.

அதன்பின் அத்தை முப்பது ஆண்டுகள் வாழ்ந்தார். நாற்று நட்டார், களை எடுத்தார், பேரப்பிள்ளைகளை வளர்த்தார். ஆனால் நல்ல காரியங்களுக்குக் கிளம்புகிறவர்களுக்கு எதிரே வருவதை அன்றோடு நிறுத்திக்கொண்டார். யாரும் அவரிடம் வாய்விட்டுச் சொன்னதாக நினைவில்லை. சொல்ல வேண்டிய தேவையை அவர் வைக்கவில்லை. எங்கள் வீட்டுத் திருமண ஆல்பங்கள் அனைத்திலும் அத்தை ஒருபுறமாகத் திரும்பியே நிற்பார். அந்தச் சொட்டு மருந்துப் புட்டி நெடுநாள் வரை மாடக்குழியில் கிடந்தது. கல்லூரியில் சேர்ந்தபின் ஒருமுறை அதன்மேல் இருந்த பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தேன்: டெக்சாமெத்தசோன். அப்பெயரின் பொருளை அறிந்துகொள்ளப் பின்னும் சில ஆண்டுகள் ஆயின. அதற்குப் பிறகு வருகிறேன்.

நாம் கருவிழி என்று சொல்லும் உறுப்பு உண்மையில் கருமையானது அன்று. கைக்கடிகாரத்தின் மேல் மூடியிருக்கும் கண்ணாடியைப் போலக் கண்ணின் முன்புறம் அமைந்த, ஒளி புகும் படலம் அது; மருத்துவத்தில் கார்னியா என்பர். உள்ளே இருக்கும் ஐரிசின் நிறமும் பாவையின் இருளும் அதன் ஊடாகத் தெரிவதால் கருவிழி என்றோம். நடுவில் அதன் தடிமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். அதில் இரத்தக் குழாய்கள் இல்லை. இருந்தால் ஒளி தடையின்றிப் புகாது. தனக்கு வேண்டிய ஆக்சிஜனைப் பெரும்பாலும் கண்ணீரின் வழியாகக் காற்றிலிருந்தே பெற்றுக்கொள்கிறது. அதன் மேற்புறத்தில் மிக மெல்லிய தோல் போன்ற அடுக்கு ஒன்று உண்டு. அவ்வடுக்கு முழுமையாக இருக்கும்வரை பெரும்பாலான கிருமிகளால் உள்ளே நுழைய இயலாது. கீறல் பட்டாலும், சிறியதாயின், ஓரிரு நாளில் தானே மூடிக்கொள்ளும் ஆற்றல் அதற்கு இருக்கிறது.

அந்த ஓரிரு நாள் இடைவெளியே ஆபத்தானது. கீறிய பொருளோடு ஒட்டிவந்த பாக்டீரியாவோ பூஞ்சையோ அதற்குள் உள்ளே இறங்கிவிட்டால் கீறல் புண்ணாகிறது. இதனையே கருவிழிப் புண் என்கிறார்கள். இரத்தக் குழாய் இல்லாத இடமாதலால் உடலின் காவற்படை அங்கு வந்துசேரத் தாமதமாகிறது. வந்துசேர்ந்தபின் நிகழும் போரிலோ கிருமியோடு கருவிழியின் நுண்ணிழைகளும் கரைகின்றன. புண் ஆறினாலும் ஆறிய இடம் பழைய தெளிவோடு திரும்புவதில்லை. வெண்மையான தழும்பாக நிற்கிறது. அதுவே நம் ஊரார் சொல்லும் பூ.

இங்கே மொழியைப் பற்றி ஒரு சொல். ஊறுகாயில் பூசணம் பிடித்தால் 'பூத்துவிட்டது' என்கிறோம். ஈரம் பட்ட சுவரும் நனைந்த வைக்கோலும் இப்படித்தான் பூக்கின்றன. நுண்ணோக்கியைக் காணாத நம் முன்னோர் கண்ணின் வெள்ளைக்குப் 'பூ' என்று பெயரிட்டது தோற்றத்தைக் கண்டுதான் என்பதில் ஐயமில்லை. ஆனாலும் தென்தமிழகத்தில் அப்பூக்களுள் பலவற்றுக்குக் காரணம் உண்மையிலேயே பூஞ்சைதான் என்று அறிந்தபோது நான் சற்றே திகைத்துப்போனேன்.

அதற்குச் சான்று மதுரையிலேயே இருக்கிறது. 1994-ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்து, அதன் முடிவுகளை 1997-இல் வெளியிட்டார்கள். அவர்களுள் ஏறத்தாழ மூவரில் இருவர் கண்ணில் காயம் பட்டபின் நோயுற்றவர்கள். அக்காயங்களில் பெரும்பாலானவை வயல்வேலையின்போது பட்டவை. எந்தக் கிருமி என்று வளர்த்துக் கண்டறிய முடிந்தவர்களிடையே பாக்டீரியாவும் பூஞ்சையும் ஏறக்குறையச் சரிபாதி. பூஞ்சைகளுள் முதலிடம் ஃபுசேரியம் என்னும் இனத்துக்கு, அடுத்தது ஆஸ்பெர்ஜில்லஸ். இரண்டும் மண்ணிலும் வைக்கோலிலும் பயிர்களிலும் இயல்பாகவே வாழ்பவை. மற்றோர் ஆய்வு, 1993-ஆம் ஆண்டில் மதுரை மாவட்டத்தில் 1,00,000 பேருக்கு 113 பேர் கருவிழிப் புண்ணுக்கு ஆளானதாக மதிப்பிட்டது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து ஒரு வட்டாரத்தில் கண்ட அளவோ 11. பத்து மடங்கு வேறுபாடு! நம் கண்கள் வேறு வகையாகப் படைக்கப்படவில்லை. நம்முடைய வேலை வேறு. அடிபட்டபின் நாம் கழிக்கும் நாள்கள் வேறு.

அந்த நாள்களைப் பற்றி நான் படித்தவற்றுள் என்னை மிகவும் பாதித்தது நேபாளத்தின் பக்தபூரில் நடந்த ஆய்வு. 2001-இல் வெளியானது. அங்கே ஊர்களிலேயே சுகாதாரப் பணியாளர்களைப் பயிற்றுவித்து அமர்த்தி, கண்ணில் கீறல் பட்டு வருவோருக்கு 1 விழுக்காடு குளோராம்ஃபெனிகால் களிம்பை நாளுக்கு மூன்று வேளையாக மூன்று நாள் இடச் செய்தார்கள். விலை மலிந்த, பழைய களிம்பு அது. கருவிழிக் கீறலோடு வந்தவர்கள் 442 பேர். காயம் பட்ட 18 மணி நேரத்துக்குள் வந்தவர்கள் 284 பேர். அவர்களுள் ஒருவருக்குக்கூடப் புண் உண்டாகவில்லை. 18 முதல் 24 மணி நேரத்துக்குள் வந்த 109 பேரில் நால்வருக்கு உண்டாயிற்று. 24 முதல் 48 மணி நேரத்துக்குள் வந்த 49 பேரில் 14 பேருக்கு.

இந்த மூன்று எண்களையும் நான் பலமுறை திரும்பப் படித்திருக்கிறேன். முதல் நாளிலிருந்து இரண்டாம் நாளுக்குள் சுழியம் ஏறத்தாழப் பத்துக்கு மூன்றாகிவிடுகிறது. 'ஒரு ராத்திரி தூங்கி எந்திரிச்சாச் சரியாப் போயிரும்' என்ற வாக்கியத்தை அவ்வெண்களுக்கு அருகில் வைத்துப் பாருங்கள். அத்தை சொன்ன அந்த ஒரு இரவு, அவ்வளவு விலை பெறும் இரவு என்று ஊரில் யாருக்குத் தெரியும்? மறுநாள் நடவுக்கும் அறுப்புக்கும் போனால்தான் கூலி என்னும் நிலையில், தெரிந்திருந்தாலும் எத்தனை பேரால் கிளம்பியிருக்க இயலும்?

இனி அந்தப் புட்டிக்கு வருகிறேன். கண் சிவப்பது நோயன்று, நோயின் அறிகுறி. உள்ளே என்ன நடந்தாலும் கண்ணுக்குத் தெரிந்த ஒரே வழி சிவப்பதுதான். மெட்ராஸ் ஐ வந்தாலும் சிவக்கும். அது பெரும்பாலும் அடினோ வைரஸ்களால் வருவது. எளிதில் தொற்றும், பீளை தள்ளும். பெரும்பாலோர்க்கு ஓரிரு வாரத்தில் தானே தணியும். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துகளுக்கு வைரசிடத்தில் வேலை இல்லை. கண்ணின் நடு அடுக்காகிய யுவியாவில் அழற்சி கண்டாலும் கண் சிவக்கும். இதற்கும் மதுரையில் ஒரு வரலாறு உண்டு. 1993-ஆம் ஆண்டின் இறுதியில் பெருவெள்ளம் வந்தது. வெள்ளம் வடிந்த பின்னர், 1994-இல், யுவியா அழற்சியோடு நோயாளிகள் வழக்கத்துக்கு மாறாகத் திரளாக வரத் தொடங்கினார்கள். எலி, மாடு முதலியவற்றின் சிறுநீர் கலந்த நீரின் வழியே மனிதருக்குத் தொற்றும் லெப்டோஸ்பைரா என்னும் கிருமியே அதற்குக் காரணம் என்று கண்டறிந்து, 1997-இல் அரவிந்த் மருத்துவர்கள் வெளியிட்டார்கள். இவ்வகை அழற்சியைத் தணிக்க மருத்துவர்கள் கையாளும் முதன்மையான மருந்து ஸ்டீராய்டு சொட்டு. அதனோடு பாவையை விரிக்கும் சொட்டும் தருவார்கள்.

டெக்சாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு. அழற்சியை அது அடக்கும். சிவப்பும் வலியும் குறையும். ஆனால் பூஞ்சைப் புண் உள்ள கண்ணில் அதை விட்டால், கிருமியோடு பொருதிக்கொண்டிருக்கும் உடலின் படையைத் திருப்பி அழைத்ததற்கு ஒப்பாகும். மேலே சிவப்பு வடிய, அடியில் பூஞ்சை தடையின்றி இறங்கும். 'மருந்து நல்லாக் கேக்குது' என்று நாங்கள் மகிழ்ந்த அந்த இரண்டு நாள்களின் உண்மைப் பொருள் இது. ஒரு சிவந்த கண்ணைக் காப்பாற்றும் சொட்டு மற்றொரு சிவந்த கண்ணைக் கெடுக்கிறது. எந்தச் சிவப்பு என்று சொல்ல வல்லவர் கருவி கொண்டு பார்த்த மருத்துவரே அன்றி, 'கண் சிவப்புக்கு' என்ற இரு சொற்களைக் கேட்டு அலமாரியைத் திறக்கும் கடைக்காரர் அல்லர்.

மருத்துவர் என்ன பார்க்கிறார் என்பதை நான் அருகிருந்து கண்டது 2017-இல். இளங்கலை இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த என் மாணவி ஒருத்தி, "அம்மாவுக்குக் கண்ணுல கரும்புச் சோகை கீறிருச்சு மிஸ், ரெண்டு நாளா வெளிச்சத்தப் பாக்க முடியலைங்கிறாங்க" என்றாள். அன்று பிற்பகலே மூவரும் மதுரையில் உள்ள கண் மருத்துவமனை ஒன்றுக்குச் சென்றோம். வரிசையில் காத்திருந்த பொழுது அந்த அம்மாள் என்னிடம் கேட்டது ஒன்றே: "இன்னிக்கே வீட்டுக்கு விட்டுருவாகளா டீச்சர்? மாட்டுக்குத் தண்ணி காட்டணும்."

முதலில் கண்ணில் ஒரு சாயம் இட்டு நீல ஒளியில் பார்த்தார்கள். மேலடுக்கு சிதைந்த இடம் மட்டும் பச்சையாக ஒளிர்ந்தது. பிறகு உருப்பெருக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப் என்னும் கருவியில் நெடுநேரம் பார்த்த மருத்துவர், புண்ணின் ஓரம் இறகுபோலப் பிரிந்து பிரிந்து இருப்பதையும், அருகே சிறு சிறு புள்ளிகள் தனித்து நிற்பதையும் எனக்கும் காட்டினார். இவை பூஞ்சையை ஐயுறச் செய்யும் அடையாளங்கள்; ஆயினும் கண்ணால் கண்டது மட்டும் போதாது என்றார். மரத்துப்போகச் செய்யும் சொட்டை விட்டு, சிறு கரண்டி போன்ற கருவியால் புண்ணின் ஓரத்தையும் அடியையும் மெல்லச் சுரண்டி எடுத்தார்கள். அதைக் கண்ணாடித் தகட்டில் தடவி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு இட்டு நுண்ணோக்கியில் பார்த்தபோது பூஞ்சையின் இழைகள் கிளைவிட்டுத் தெரிந்தன. அன்று மாலையே விடை கிடைத்துவிட்டது. எந்த இனம் என்று வளர்த்துக் காண மேலும் சில நாள்கள் ஆயின: ஃபுசேரியம்.

மருந்தின் பெயர் நாட்டாமைசின். தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதி மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிடமிருந்து 1950-களில் பிரித்தெடுக்கப்பட்டது. பெயரில் அவ்வூர் இருக்கிறது. மண்ணிலிருந்து வந்த நோய்க்கு மண்ணிலிருந்தே மருந்து. இதைவிடப் புதிய மருந்தாகிய வோரிகோனசோல் மேலானதா என்று அரவிந்த் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளைக் கொண்டு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 2013-இல் வெளியானது. பழைய நாட்டாமைசினே வென்றது; அதிலும் ஃபுசேரியம் கண்ட கண்களில் அதன் மேன்மை தெளிவாக இருந்தது. ஆனால் அது கருவிழிக்குள் ஆழ இறங்காத மருந்து. புட்டியை நன்கு குலுக்கி, விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு சொட்டு விட வேண்டும். தொடக்க நாள்கள் கடந்தபின் இரண்டு மணிக்கு ஒரு சொட்டு. இப்படிப் பல வாரங்கள்.

'மணிக்கு ஒரு சொட்டு' என்பது மருந்துச் சீட்டில் ஒரு வரி. அது நடக்க வேண்டிய வீட்டை நினைத்துப் பாருங்கள். அந்த அம்மாளால் தனக்குத் தானே சரியாக விட்டுக்கொள்ள முடியவில்லை. கணவர் திருப்பூரில் வேலையில் இருந்தார். மாணவி கைப்பேசியில் மணிக்கொரு அலாரம் வைத்துக்கொண்டு வீட்டில் இருந்தாள். காலை ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரை. பருவத்தின் பாதி அப்படிக் கழிந்தது. வருகைப் பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியது. தேர்வு எழுத விலக்குக் கட்டணம் கட்ட வேண்டியதாயிற்று. அம்மாவுக்குக் கூலி இல்லை, மகளுக்கு வகுப்பு இல்லை, மருத்துவமனைக்கு வாரம் ஒருமுறை பேருந்துச் செலவு. கருவிழிப் புண்ணின் விலையை மருந்தின் விலையால் கணக்கிடுபவர்கள் இவற்றையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

கண் தப்பியது. ஓரத்தில் மெல்லிய தழும்பு நிற்கிறது. எனினும் ஊசியில் நூல் கோக்கிறார். புண் நடுவில் விழாமல் ஓரத்தில் விழுந்ததும், மூன்றாம் நாளுக்கு முன் வந்ததும், இடையில் ஸ்டீராய்டு சொட்டு எதையும் விடாததும் சேர்ந்து காத்தன என்றார் மருத்துவர். எல்லோருக்கும் இது வாய்ப்பதில்லை. மருந்துக்கு அடங்காமல் கருவிழி துளைபடும் நிலை வந்தால், நோயுற்ற பகுதியை நீக்கி, இறந்தவர் கொடுத்த கருவிழியைப் பொருத்த நேர்கிறது. தொற்று தணியாத கண்ணில் செய்யும் அவ்வறுவையின் முதல் நோக்கம் கண்ணைக் காப்பதே. பார்வை தெளிவது அதற்கு அடுத்தபடி. கண் கொடை செய்ய விரும்புவோரின் வீட்டார் உயிர் பிரிந்த ஆறு மணி நேரத்துக்குள் கண் வங்கிக்குச் சொல்ல வேண்டும் என்பதையும் இங்கே நினைவூட்டிவிடுகிறேன். இந்நோயில் கொடைக்கும் ஒரு கடிகாரம் இருக்கிறது.

பக்தபூரைப் படித்துவிட்டு, ஊருக்கு ஒரு களிம்புப் புட்டியும் அதை இட ஓர் ஆளும் இருந்தால் போதுமே என்று நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். மதுரை மாவட்டத்திலும், பூட்டானிலும், மியான்மரிலும் அவ்வழியில் செய்த முயற்சிகள் 2006-இல் நம்பிக்கை தரும் முடிவுகளோடு வெளியாயின. ஆனால் 2022-இல் நேபாளத்திலிருந்து வந்த பெரியதோர் ஆய்வு வேறு கதை சொல்கிறது. ஊர்த் தன்னார்வலர்கள் பணியாற்றிய பகுதிகளையும் அவர்கள் இல்லாத பகுதிகளையும் ஒப்பிட்டபோது, கருவிழிப் புண்ணின் அளவில் வேறுபாடு தெரியவில்லை. களிம்பு தோற்றுவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை என்பது என் துணிபு. களிம்பு அது இருக்கும் இடத்தில் இருக்கும். கீறல் பட்டவர் அன்றைக்கே எழுந்து அங்கே செல்ல வேண்டும். 'தூசிதானே' என்று முந்தானையை ஊதி ஒற்றிக்கொள்கிறவரை எந்தத் திட்டம் எழுப்பிவிடும்? அவர் எழ வேண்டுமானால், ஒரு நாளைத் தள்ளிப்போடுவதன் பொருள் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்; அரைநாள் கூலியை இழக்க அவரால் இயல வேண்டும். முன்னது கல்வியின் வேலை. பின்னதை யாருடைய வேலை என்பது?

மற்றொன்றும் என்னை வருத்துகிறது. உலக அளவில் கண் காயங்களாலும் கருவிழிப் புண்களாலும் ஆண்டுதோறும் 15 முதல் 20 இலட்சம் பேர் ஒரு கண்ணின் பார்வையை இழப்பதாக 2001-இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் இதழில் வந்த கட்டுரை மதிப்பிட்டது. ஆனால் பார்வையின்மையைக் கணக்கெடுக்கும்போது இரு கண்களுள் நன்றாகத் தெரியும் கண்ணையே அளவுகோலாகக் கொள்வது வழக்கம். ஆகவே என் அத்தை எந்தக் கணக்கிலும் இல்லை. இடக்கண்ணால் நாற்று நட்டார் அல்லவா? அவர் பார்வையுள்ளவர். சகுனத்துக்கு மட்டும் அவரை ஊர் சரியாகக் கணக்கிட்டு வைத்திருந்தது.

வயலில் கால் வைக்காத நண்பர்கள் இதனை வேறெங்கோ நிகழும் கதை என்று எண்ணிவிட வேண்டாம். 2005, 2006 ஆண்டுகளில் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் கான்டாக்ட் லென்ஸ் அணிவோரிடையே இதே ஃபுசேரியம் பரவியது. லென்ஸ் கழுவும் திரவம் ஒன்றைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற நேர்ந்தது. லென்ஸோடு உறங்குவதும், குழாய்த் தண்ணீரில் அதைக் கழுவுவதும், நீச்சல் குளத்தில் அணிந்து இறங்குவதும் கருவிழிக்கு ஊறு தேடித் தருபவை. நெல்லின் சுணை செய்யும் வேலையைக் கழற்றாத லென்ஸும் செய்யும்.

ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறைக்கு முந்தைய வகுப்பில், பாடம் முடிந்தபின் ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்கிறேன். என் வகுப்பில் பாதிப் பேர் அந்த விடுமுறையில் அறுப்புக்களத்தில் நிற்பவர்கள். அவர்களுக்குச் சொல்வது இதுதான். கதிரடிக்கும்போதும் தூற்றும்போதும், சோகை உரிக்கும்போதும், சாலையோரக் கடையில் கிடைக்கும் சாதாரணக் கண்ணாடியேனும் போட்டுக்கொள்ளுங்கள். அம்மாவுக்கும் ஒன்று வாங்கிக் கொடுங்கள். கண்ணில் ஏதாவது விழுந்தால் கசக்காதீர்கள். சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள். கழுவியும் உறுத்தினாலோ, வெளிச்சம் கூசினாலோ, பார்வை மங்கினாலோ, கருவிழியில் வெள்ளை தெரிந்தாலோ, நாவையும் தாய்ப்பாலையும் இலைச்சாற்றையும் நாடாமல், கடைச் சொட்டையும் வாங்காமல், அன்றைக்கே கண் மருத்துவரிடம் செல்லுங்கள். பேருந்து இல்லையென்றால் அருகிலுள்ள கண் சிகிச்சை மையத்துக்காவது செல்லுங்கள். பல ஊர்களில் அங்கிருந்தபடியே மருத்துவரைத் திரையில் காட்டிக் கேட்க முடிகிறது.

சென்ற ஆண்டு வகுப்பு முடிந்ததும் ஒருத்தி எழுந்து, "நாளைக்குப் போனா ஆகாதா மிஸ்?" என்று கேட்டாள். கரும்பலகையில் மூன்று வரிகள் எழுதினேன். 284-இல் ஒருவரும் இல்லை. 109-இல் நால்வர். 49-இல் பதினால்வர். இலக்கண வகுப்பில் அவ்வளவு கவனத்தோடு யாரும் எதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு நான் கண்டதில்லை.